ஒரு அடி, இரண்டு சத்தம்

அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோதுதான் அந்தத் தபால் அட்டை கிடைத்தது. ரயில்வே விதிப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே, பழுப்பேறி, ஓரம் மடங்கிக் கிடந்தது. விலை 15 பைசா. முத்திரையில் 1986 ஜனவரி. பெறுபவர், இட்டார்சியில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவன். அனுப்பியவர் சவாலிராம்.

அந்த மாணவனுக்கு இப்போது ஐம்பது கடந்துவிட்டது. நாக்பூரில் வங்கி அதிகாரி. காரியங்கள் எல்லாம் முடிந்து, உறவினர்கள் கிளம்பிய பிறகு, தரையில் உட்கார்ந்தபடி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைப் படித்தார். இந்தியில் எட்டு வரிகள். ஒரு வரியிலும் பதில் இல்லை. எல்லாமே கேள்விகள்.

சவாலிராம் என்று ஒருவர் உண்மையில் கிடையாது. இந்தியில் 'சவால்' என்றால் கேள்வி. தமிழில் அதே சொல்லுக்கு அறைகூவல் என்று பொருள். இரண்டுமே அவருக்குப் பொருந்தும். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (2022 முதல் அதன் பெயர் நர்மதாபுரம்) ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படித்த குழந்தைகளுக்காகவே கற்பனையில் பிறந்தவர் அவர். பாடப் புத்தகத்திலேயே அவருக்கு இடம் உண்டு. "உனக்கு ஏதாவது கேள்வி இருந்தால் எனக்கு எழுது" என்பதுதான் அவர் விடுத்த அழைப்பு. குழந்தைகள் எழுதினார்கள். அவரும் பதில் போட்டார் - அதைப் பதில் என்று சொல்ல முடியுமானால்.

அப்பா திருச்சிக்காரர். ரயில்வேயில் கார்டு. இட்டார்சிக்கு மாற்றலாகி வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். வடக்கும் தெற்கும், கிழக்கும் மேற்கும் குறுக்கிடும் ஜங்ஷன் அது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தமிழ் வாரப் பத்திரிகைகள் வந்து இறங்கும். அம்மாவுக்கு அது போதும். பையனுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும். குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது இந்தி மீடியம் அரசு நடுநிலைப் பள்ளி. அங்கே சேர்த்தார்கள். அந்தப் பள்ளியில் விஞ்ஞானம் வேறு மாதிரி கற்பிக்கப்படுகிறது என்பது அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது.

விஷயம் 1972ல் ஆரம்பித்தது. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அனில் சத்கோபால் என்ற உயிரியல் விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு இந்த மாவட்டத்துக்கு வந்து, 'கிஷோர் பாரதி' என்ற அமைப்பை நிறுவினார். அதுவும், ரசூலியாவில் இருந்த குவேக்கர்களின் கிராம மையமும் சேர்ந்து, மாநில அரசின் அனுமதியுடன் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு பரிசோதனையைத் தொடங்கின. கிராமத்துப் பள்ளியில், தரையில் உட்காரும் குழந்தைகள், தங்கள் கையால் சோதனை செய்து விஞ்ஞானம் கற்க முடியுமா? ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து உதவினார்கள். 1978ல் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதைத் தொடர்ந்து நடத்த 1982ல் 'ஏகலவ்யா' என்ற அமைப்பு உருவானது. குரு கற்றுக் கொடுக்க மறுத்தும் தானாகக் கற்றவனின் பெயர். கட்டை விரலைக் காணிக்கையாகக் கேட்கப்பட்டவனின் பெயரும் அதுதான்.

ஆறாம் வகுப்பில் அவன் கைக்கு வந்த புத்தகத்தின் பெயர் 'பால் வைக்ஞானிக்' - குட்டி விஞ்ஞானி. அதில் என்ன செய்ய வேண்டும் என்று இருந்தது. என்ன தெரிய வரும் என்று இல்லை. வகுப்பில் நான்கு நான்கு பேராக உட்கார்ந்தார்கள். நடுவில் சாமான் பெட்டி. முதல் வாரத்தில் மேஜையை அளக்கச் சொன்னார் சார். ஒவ்வொருவரும் தனித்தனியாக அளந்தார்கள். ஒவ்வொரு அளவும் ஒரு மாதிரி வந்தது. யார் சொன்னது சரி என்று கேட்டதற்கு சார் பதில் சொல்லவில்லை. எல்லா அளவுகளையும் கரும்பலகையில் எழுதி, எது எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணச் சொன்னார். அளப்பது என்றாலே கொஞ்சம் தப்பும் சேர்ந்துதான் வரும் என்பது பதினோரு வயதில் புரிந்தது. இதைப் பலர் கல்லூரி முடித்த பிறகும் தெரிந்துகொள்வதில்லை.

பூவைப் பிரித்துப் பார்க்க பேஷரம் பூ. தமிழ்நாட்டில் நெய்வேலிக் காட்டாமணக்கு என்று சொல்கிறார்களே, அதுதான். வெட்ட வெட்ட முளைப்பதால் இந்திக்காரர்கள் அதற்கு 'வெட்கங்கெட்டது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாய்க்கால் ஓரமெல்லாம் கிடைக்கும். செலவு கிடையாது. கஞ்சியில் அயோடின் விட்டால் நீலமாகும். எச்சில் கலந்து வைத்துவிட்டுப் பிறகு விட்டால் நீலம் வராது. வாயிலேயே ஜீரணம் ஆரம்பிக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டு அம்மா நம்பவே இல்லை. "பார்த்து எழுதறதுக்கு எதுக்குடா பரீட்சை?" என்றார். அதில் அச்சடித்த பதில் இல்லாததால் பார்த்து எழுதவும் வழியில்லை என்பதை அவருக்கு விளக்க முடியவில்லை.

சார்களும் படித்துக்கொண்டிருந்தார்கள். கோடை விடுமுறையில் அவர்களுக்குப் பயிற்சி முகாம். மாணவர்களைப் போலவே நான்கு நான்கு பேராக உட்கார்ந்து அதே சோதனைகளைச் செய்வார்கள். முகாமிலிருந்து திரும்பிய சார் ஒருநாள் வகுப்பில், "எனக்கும் தெரியாது, செய்து பார்ப்போம்" என்றார். வாத்தியார் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் அதற்கு முன்னும் கேட்டதில்லை. பின்னும் அதிகம் கேட்கவில்லை.

1985 ஜூலையில் போபாலிலிருந்து 'சக்மக்' வந்தது. சிக்கிமுக்கிக் கல் என்று பொருள். நகரம் விஷவாயுவில் மூச்சுத் திணறி ஏழு மாதங்கள்தான் ஆகியிருந்தன. விஞ்ஞானம் என்றால் சாவு என்று பலர் நினைத்துக்கொண்டிருந்த ஊரிலிருந்து குழந்தைகளுக்கு ஒரு விஞ்ஞான மாத இதழ். செய்து பார்க்க விளையாட்டுகள், மண்டையைக் குடையும் புதிர்கள், கதைகள். நடுவே 'மேரா பன்னா' - என் பக்கம். குழந்தைகள் எழுதியதும் வரைந்ததும் அங்கே வரும்.

இதழைச் சுற்றி ஊர் ஊராக சக்மக் கிளப்புகள் முளைத்தன. கிளப் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை, ஒரு பெட்டிப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை. சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, தீக்குச்சிகளைச் செருகி, முக்கோணமும் கூம்பும் வீடும் கட்டுவார்கள். அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் அரவிந்த் குப்தா என்ற கான்பூர் ஐ.ஐ.டி. என்ஜினியர். 1978ல் டெல்கோ வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு இந்த மாவட்டத்துக்கு வந்தவர். சதுரத்தை ஒரு பக்கம் அழுத்தினால் சாய்ந்துவிடும். முக்கோணம் சாயாது. ரயில்வே பாலத்தில் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்று பையன்களுக்கு அந்தத் திண்ணையில்தான் தெரிந்தது.

அந்தக் கிளப்பில் சேர்ந்த நான்கு பேருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. யார்டின் கோடியில், வண்டி வராத பழைய சைடிங் ஒன்றில் காதை வைத்துக் கேட்பது. ஒருவன் தூரத்தில் போய்த் தண்டவாளத்தைக் கல்லால் தட்டுவான். ஒருநாள் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அடி ஒன்றுதான். ஆனால் சத்தம் இரண்டு கேட்டது. முதலில் தண்டவாளத்தில் வைத்த காதில் ஒன்று. சற்றுப் பொறுத்து மற்றக் காதில் இன்னொன்று. சாரிடம் கேட்டான். "சவாலிராமுக்கு எழுது" என்றார். எழுதினான்.

மூன்று வாரத்தில் வந்தது பதில் அட்டை. முதல் வரி எச்சரிக்கை: வண்டி ஓடும் பாதைக்குப் போகாதே. அதன் பிறகு: தட்டுபவன் இன்னும் தூரம் போனால் இரண்டு சத்தத்துக்கும் உள்ள இடைவெளி கூடுகிறதா, குறைகிறதா? காதைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டால் எந்தச் சத்தம் மறைகிறது? அப்படியானால் இரண்டும் வந்த வழி என்ன? காற்று வழியாக வரும் சத்தம் ஒரு விநாடிக்கு எவ்வளவு தூரம் போகிறது என்று உன்னால் கண்டுபிடிக்க முடியுமா?

விநாடியை அளக்க நல்ல கடிகாரம் வேண்டும். இட்டார்சியில் அவனுக்குத் தெரிந்து அப்படி ஒரு கடிகாரம் அப்பாவின் பையில்தான் இருந்தது. கேட்கப் பயம். கேட்காமலே சைடிங்கில் காதை வைத்துக்கொண்டு இருந்தவனை, டியூட்டி முடிந்து வந்த அப்பா ஒருநாள் பார்த்துவிட்டார். கூட்ஸ் வண்டியில் எத்தனையோ வருஷம் போனவர். தண்டவாளத்தில் கிடந்த உடல்களைப் பார்த்தவர். காதைப் பிடித்துத் தூக்கி, அங்கேயே ஓர் அறை விட்டார். வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் காட்டினான். படித்தார். அன்று ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஓய்வு நாள் அன்று விடியற்காலையில் எழுப்பினார். "வாடா. உன் சிநேகிதங்களையும் கூப்பிடு" என்றார். யார்டுக்கு வெளியே, ஊரை ஒட்டிய திறந்த வெளிக்குப் போனார்கள். தூரத்தைக் கம்பங்களைக் கொண்டு கணக்கிட்டு, 500 மீட்டர் என்று குறித்தவர் அவர்தான். ஒருவன் அந்தக் கோடியில் நின்று இரும்புத் துண்டை அடிக்க, இன்னொருவன் அதே கணத்தில் சிவப்புத் துணியைக் கீழே இறக்க வேண்டும். துணி இறங்குவதைப் பார்த்ததும் அப்பா விநாடி முள்ளைப் பார்ப்பார். சத்தம் வந்ததும் பையன் "ஆச்சு" என்று கத்துவான். பத்து தடவை செய்தார்கள். ஆறு தடவை இரண்டு விநாடி. நான்கு தடவை ஒரு விநாடி. சராசரி 1.6. விநாடிக்கு ஏறக்குறைய 312 மீட்டர்.

இரும்பில் ஒலி விநாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் போகும். அதனால்தான் தண்டவாளத்தில் வைத்த காதுக்கு முதலில் செய்தி வருகிறது. இதைப் பிறகு அவன் படித்துத் தெரிந்துகொண்டான். ஆனால் 312 அவனுடையது. சவாலிராமுக்கு எழுதினான். அதற்கு வந்த பதில் எங்கோ தொலைந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பில் வேறு பள்ளி. புத்தகமும் வேறு. திட்டம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் மாநிலம் முழுக்கப் படிக்கும் அதே பாடம், அதே நோட்ஸ். காற்றில் ஒலியின் வேகம் என்ன என்று பரீட்சையில் கேள்வி வந்தது. அவன் 312 என்று எழுதி, எப்படி அளந்தான் என்பதையும் அரைப் பக்கம் எழுதினான். பூஜ்யம் வந்தது. விடை 332. "உன்னை யார் அளக்கச் சொன்னது?" என்று கேட்டார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது. 332 என்பது பூஜ்யம் டிகிரிக் குளிரில் உள்ள வேகம், இட்டார்சியின் காற்றில் அதைவிட அதிகமாகவே இருக்கும், ஒரு விநாடிக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 312 என்பது மோசமில்லை - இதையெல்லாம் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையன் அதற்குப் பிறகு 332 என்றே எழுதினான். நல்ல மார்க் வாங்கினான். கை தூக்குவதை நிறுத்திக்கொண்டான்.

இது ஒரு மாவட்டத்தின் கதை மட்டும் அல்ல. குழந்தைகளுக்குத் தாய்மொழியில் விஞ்ஞானம் சொல்லும் முயற்சி நாட்டின் பல மூலைகளில் நடந்திருக்கிறது. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் குழுவின் 'விஞ்ஞான் பிரகதி' இந்தியில் 1952லேயே வந்துவிட்டது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத், பள்ளிப் பிள்ளைகளுக்காக 1969ல் 'சாஸ்திர கேரளம்', 1970ல் இன்னும் சிறியவர்களுக்காக 'யுரேகா' என்று இதழ்களை நடத்தத் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987ல் 'துளிர்' கொண்டு வந்தது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்கள் தங்கள் ஊர்க் கிணற்றையும் குப்பையையும் ஆராய்ந்து கட்டுரை படிக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை சந்தா சேர்க்கும் ஆசிரியர்களாலும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக் கொடுக்கும் இளைஞர்களாலும் பிழைத்தவை. அப்படி ஒருவர் ஊரை விட்டு மாற்றலாகிப் போனால், பல இடங்களில் கிளப்பும் மூட்டை கட்டிவிடும்.

ஹோஷங்காபாத் திட்டம் இவை எல்லாவற்றிலிருந்தும் ஒரு விதத்தில் மாறுபட்டது. கிளப்பில் நடப்பதை அது வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. ஆர்வம் உள்ள நாலு பேருக்கு என்று இல்லாமல், வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும் எல்லோருக்கும் கொடுத்தது. காலப்போக்கில் பல மாவட்டங்களில் சுமார் 1,000 பள்ளிகளுக்குப் பரவியது. அதனாலேயே அதற்கு ஆபத்தும் வந்தது. கிளப்பை யாரும் எதிர்க்க மாட்டார்கள். பரீட்சையில் கை வைத்தால்தான் பெற்றோர்களுக்குக் கோபம் வரும்.

2002ல் அந்தக் கோபம் வெடித்தது. மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடம் இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் மட்டும் போட்டித் தேர்வில் பின்தங்க வேண்டுமா என்று ஊரில் பேச்சு. சாமான் பெட்டிகள் சரியாக வருவதில்லை, பல சார்கள் சோதனை செய்யாமலே முடிவைச் சொல்லிவிடுகிறார்கள் என்ற குறைகளும் பொய்யல்ல. மற்றொரு பக்கம் விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் திட்டத்தைக் காப்பாற்றக் கடிதங்கள் எழுதினார்கள்.

அவர் அப்போது விடுமுறைக்கு இட்டார்சி வந்திருந்தார். வங்கியில் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. பழைய சார் வீடு தேடி வந்தார். முடி நரைத்துவிட்டது. "இந்தப் பாடத்தில் படித்தவன் நீ. என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, இரண்டையும் எழுது. பொய் எழுத வேண்டாம்" என்றார். எழுதுகிறேன் என்று சொன்னார் இவர்.

அன்று இரவே அக்கா தன் பையனைப் பற்றிக் கேட்டாள். ஆறாம் வகுப்புக்குப் போகிறான். "தம்பி, இவனை இங்கேயே விடலாமா? இல்லை, இங்கிலீஷ் மீடியத்துல போட்டுடலாமா? நீ அந்த ஸ்கூல்ல படிச்சவன், நீயே சொல்லு."

அந்தப் பூஜ்யமும் வகுப்பின் சிரிப்பும்தான் நினைவுக்கு வந்தன. "இங்கிலீஷ் மீடியத்துல போடு அக்கா. ரிஸ்க் எதுக்கு?" என்றார்.

அப்பா ஈஸிசேரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். பிறகு மறுபடி ஏற்றிக்கொண்டார்.

கடிதம் எழுதப்படவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று விடுமுறை முடிந்துவிட்டது. அந்த ஆண்டே மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. முப்பது வருஷம் நடந்தது. ஒரு கடிதத்தால் அது பிழைத்திருக்காது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும், சார் அதற்குப் பிறகு அவரிடம் ஏன் எழுதவில்லை என்று கேட்டதே இல்லை. அவர் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்காவின் பையன் இப்போது பெங்களூரில் சாஃப்ட்வேர் என்ஜினியர். நன்றாக இருக்கிறான். எந்தக் குறையும் இல்லை. 'பால் வைக்ஞானிக்' படித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. இவரே விஞ்ஞானி ஆகவில்லையே! அவருடைய கிளப் நண்பர்களில் ஒருவர் ஜங்ஷனில் டீக்கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் ரயில்வேயில். கடனுக்கு வரும் விண்ணப்பத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் நேரில் போய்ப் பார்க்கிற ஒரு பழக்கம் மட்டும் இவரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலதிகாரிகளுக்கு அது எப்போதும் பிடித்ததில்லை.

திட்டம் போனாலும் அதன் வாசனை முழுவதும் போய்விடவில்லை. பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு பாடத்தை இணைக்க வேண்டும், மனப்பாடத்தை விட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம் சொன்னது. 'சக்மக்' போபாலிலிருந்து இன்றும் வருகிறது. ஆனால் ஒரு மாவட்டத்தின் எல்லாப் பிள்ளைகளும் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து பூவைப் பிரித்த காலம் திரும்பி வரவில்லை.

அட்டையைத் திருப்பிப் பார்த்தார். முகவரிக்குப் பக்கத்தில் இருந்த சிறிய இடத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். 2, 1, 2, 2, 1, 2, 1, 2, 2, 1. கீழே ஒரு கோடு. 1.6. அப்பாவின் கையெழுத்து. கார்டு தன் குறிப்புப் புத்தகத்தில் வண்டி கடந்த நேரத்தைக் குறிப்பது போல, ஒன்றன்பின் ஒன்றாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"என்னடா அது?" என்று அக்கா கேட்டாள். கையில் கொடுத்தார். அவள் படித்துவிட்டு, "இதை எதுக்கு இத்தனை வருஷம் வெச்சிருந்தார்?" என்றாள்.

அவர் பதில் சொல்லவில்லை. அட்டையின் கடைசி வரியைப் படித்துக்கொண்டிருந்தார். ஏழாம் வகுப்பில் அதை ஏனோ விட்டிருக்கிறான். காற்று பலமாக எதிர்த்து அடிக்கும் ஒரு நாளில் இதையே மறுபடி செய்து பார்த்து, என்ன ஆனது என்று எனக்கு எழுது.